ஏசி இல்லாத பெட்டியும் ஃபுளோரிடா வெயிலும்: டிஸ்னி ஸ்கைலைனர் பற்றி

22 செப்டம்பர் 2019

கேள்வி இதுதான்: "ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வரும் 29ஆம் தேதி தொடங்கவிருக்கும் ஸ்கைலைனர் கோண்டோலாவில், அதாவது விடுதிகளையும் பூங்காக்களையும் இணைக்கும் ரோப் காரில், ஏசி கிடையாதாம். எழுபதைக் கடந்த என் அப்பாவை அடுத்த கோடையில் அங்கே அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். அந்த ஊர் வெயிலில் மனிதர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து அந்தரத்தில் தொங்கவிடுவது என்ன பொறியியல்? இதைக் கட்டியவர்கள் ஜூலை மாதத்து மதியம் ஒன்றையாவது அதற்குள் கழித்துப் பார்த்தார்களா?"

கோபம் புரிகிறது. ஆனால் முடிவோடு நான் உடன்படவில்லை. பெட்டி மணிக்கு ஏறத்தாழ 11 மைல், அதாவது 17 அல்லது 18 கி.மீ. வேகத்தில் போகிறது, விநாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முகத்தில் எவ்வளவு காற்று அடிக்குமோ அவ்வளவு காற்று அதற்குள் வரும். அது புகுந்து வெளியேறுவதற்கென்றே பெட்டியில் திறப்புகள் வைத்திருக்கிறார்கள்.

ஏசி வைக்காததைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டிக்கு, மின்ரயிலுக்கு மேல்கம்பியிலிருந்து கிடைப்பதுபோல, வழியில் மின்சாரம் கிடைப்பதில்லை. இழுப்பது முழுவதும் நிலையத்தில் இருக்கும் மோட்டாரின் வேலை. பெட்டி வெறும் கூடைதான். அதற்குள் ஏசி வேண்டுமென்றால் அதை இயக்கும் மின்கலத்தையும் சேர்த்தே தூக்க வேண்டும். மூன்று தடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 300 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கூடுகிற எடை வடத்தின் மீது ஏறும், வடத்திலிருந்து தூண்களின் மீது இறங்கும். ஓடும்போது காற்று சும்மா கிடைக்கிறதே என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறு காண எனக்குத் தோன்றவில்லை.

23 செப்டம்பர் 2019

வெயிலை விட்டுவிட்டு ஆள் கணக்கைப் பார்ப்போம். இதை வாங்கியதற்கான உண்மையான காரணம் அதில்தான் இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒரு பெட்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 360 பெட்டிகள். பெட்டிக்கு அதிகபட்சம் 10 பேர். ஆக 3,600 பேர். அறுபது பேரை நெருக்கி ஏற்றும் பேருந்துகளைக் கொண்டு இதே கூட்டத்தை நகர்த்த வேண்டுமானால் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒரு மணி நேரம் முழுக்க இடைவிடாமல் புறப்பட வேண்டும். அத்தனை ஓட்டுநர்களுக்கு எங்கே போவது?

இன்னொன்று, காத்திருப்பின் தன்மை. பேருந்துக்காக ஒரே இடத்தில் நிற்கும் இருபது நிமிடமும், நகர்ந்துகொண்டேயிருக்கும் வரிசையில் அடியெடுத்து வைக்கும் இருபது நிமிடமும் கடிகாரத்துக்கு ஒன்றுதான். காலுக்கும் குழந்தைக்கும் அப்படி அல்ல.

24 செப்டம்பர் 2019

நேற்றைய கணக்கு ஏட்டுச் சுரைக்காய். கணவர் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "முன்பின் தெரியாத பத்துப் பேர் விடிகாலையில் ஒரே பெட்டியில் முழங்கால் இடிக்க உட்காருவார்களா?" உட்காரமாட்டார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் குழந்தை வண்டியோடு ஏறினால் அடுத்த குடும்பம் அடுத்த பெட்டிக்குத்தான் கண் வைக்கும். எனவே 3,600 என்பதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் மணிக்கு முப்பது பேருந்துகளுக்குச் சமம் என்பதால் வாதம் சாகவில்லை. சற்று நொண்டுகிறது, அவ்வளவுதான்.

26 செப்டம்பர் 2019

ஸ்கைலைனரில் ஏறினால் மேஜிக் கிங்டம் போகலாம் என்று நினைப்பவர்கள் பலர் இருப்பதாகத் தெரிகிறது. போக முடியாது. நான்கு பூங்காக்களில் இது தொடுவது இரண்டை மட்டுமே: எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ். மையம் கரீபியன் பீச் விடுதி. அங்கிருந்து ஒரு தடம் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கு; இன்னொன்று பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய இரு விடுதிகளுக்கும் பொதுவாக ஏரியோரம் நிற்கும் நிலையத்துக்கு; மூன்றாவது, இன்னும் திறக்கப்படாத ரிவியரா விடுதி வழியாக எப்காட்டுக்கு. ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் மையத்தில் இறங்கி மாற வேண்டும்.

எப்காட் என்றாலும் முன்வாசல் அல்ல. அங்கே நாடுகளின் பெயரில் இருக்கும் அரங்குகளில் பிரான்ஸ் அரங்குக்கும் பிரிட்டன் அரங்குக்கும் இடையே இருக்கும் பின்வாசல். மேஜிக் கிங்டம் போகும் மோனோரயில் முன்வாசலில் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது பூங்காவுக்குள் ஓடும் பாதைதான். அதற்கு எப்காட் நுழைவுச்சீட்டும் நல்ல கால்களும் வேண்டும்.

அதே எப்காட்டில், அரங்குகளுக்கு நடுவே இருக்கும் ஏரியின் எதிர்க்கரையில் இத்தாலி அரங்கின் முன்னால் வெனிஸ் நகரத்துக் கோண்டோலாப் படகுகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆக, கோண்டோலாவில் ஏறிப் போய்க் கோண்டோலாவைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் அந்தப் பெயர் கிடையாது. ஒன்று ரோப் கார், மற்றது படகு, குழப்பமே இல்லை.

29 செப்டம்பர் 2019

இன்று திறந்துவிட்டார்கள். நான் அங்கே இல்லை. எங்கள் பயணம் டிசம்பரில்.

2 அக்டோபர் 2019

இதை டிஸ்னியின் முதல் ரோப் கார் என்று எழுதுகிறவர்களுக்கு: 1956இலேயே கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் ஸ்கைவே ஓடியது. சுவிட்சர்லாந்தின் ஃபான் ரோல் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. 1959இல் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலையைக் கட்டியபோது அதன் நடுவே ஓட்டை வைத்து வாளி போன்ற பெட்டிகளை அதன் வழியாகவே விட்டார்கள். ஃபுளோரிடாவில் மேஜிக் கிங்டம் 1971இல் திறந்தபோது அங்கும் ஒன்று இருந்தது. கலிஃபோர்னியாவில் 1994இலும் ஃபுளோரிடாவில் 1999இலும் நிறுத்தப்பட்டன.

ஆனால் பழைய ஸ்கைவே பூங்காவின் உள்ளே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. அதில் ஏறுவதே விளையாட்டு. ஒரு நாள் ஓடாவிட்டால் இன்னொரு விளையாட்டுக்குப் போய்விடலாம். ஸ்கைலைனர் அப்படி அல்ல. காலையில் அறையிலிருந்து பூங்காவுக்கும் இரவில் பூங்காவிலிருந்து அறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வண்டி அது. பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் 2014 முதல் மக்கள் வேலைக்குப் போய்வரும் ரோப் காரோடுதான் இதை ஒப்பிட வேண்டும். இரண்டையும் கட்டியது ஆஸ்திரியாவின் டோப்பல்மயர் நிறுவனமே. வேலைக்குப் போகிறவர் ரோப் காரிடம் காட்சியை எதிர்பார்ப்பதில்லை, தினமும் ஓடினால் போதும் என்பார். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஏசி இரண்டாம் பட்சம்.

6 அக்டோபர் 2019

திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று, சனிக்கிழமை இரவு, எப்காட் தடம் நின்றுவிட்டது. ரிவியரா நிலையத்தில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குவிந்து நிற்கும் படங்கள் வந்திருக்கின்றன. பலர் சுமார் மூன்று மணி நேரம் அந்தரத்தில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் ரீடி கிரீக் தீயணைப்புத் துறையினர் வந்து சிலரைப் பெட்டியிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். பெட்டிகளில் குடிநீர் உள்ளிட்டவை அடங்கிய அவசரப் பை இருந்தது என்பது ஓர் ஆறுதல்.

குவிவது என்பது எப்படி நடக்கக்கூடும் என்று பலரும் கேட்பதால் பொதுவாக இந்த வகை ரோப் காரின் இயக்கத்தைச் சொல்கிறேன். நேற்றைய காரணம் இதுதான் என்று சொல்லவரவில்லை. வடம் நிற்பதே இல்லை. பெட்டியின் தலையில் வில்சுருளால் இறுகும் ஒரு கவ்வி இருக்கிறது. வழி நெடுக அது வடத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். நிலையத்துக்குள் நுழைந்ததும் கவ்வி திறந்து பெட்டி வடத்திலிருந்து கழன்றுவிடும். அதன்பிறகு அதை நகர்த்துவது மேலே வரிசையாகச் சுழலும் ரப்பர் சக்கரங்கள். அவை பெட்டியை ஆள் நடக்கும் வேகத்துக்கும் கீழே கொண்டுவந்து, மேடையோரமாகத் தள்ளிக்கொண்டுபோய், மறுபடி வட வேகத்துக்கு முடுக்கி, கவ்வியை வடத்தில் மாட்டி அனுப்பிவிடும். வடம் கொண்டுவந்து சேர்க்கும் வேகமும் சக்கரங்கள் அப்புறப்படுத்தும் வேகமும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும். உள்ளே ஒன்று நகராமல் நின்று, பின்னால் வருவதையும் உடனே நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது 22ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "ஓடும்போது காற்று சும்மா கிடைக்கிறதே" என்று எழுதியிருக்கிறேன். ஓடும்போது! கேள்வி கேட்டவரின் கவலை நிற்கும்போது என்ன ஆகும் என்பது. நான் ஓடும்போது என்ன ஆகும் என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு அவரைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நேற்று நடந்தது அக்டோபர் இரவில். அதே மூன்று மணி நேரம் ஜூலை மதியத்தில் வந்திருந்தால், வயதானவர் ஒருவர் உள்ளே இருந்திருந்தால், சைக்கிள் காற்றுக் கணக்கு எதற்கும் உதவியிருக்காது. காற்று, கூட்டத்தைக் குறைப்பது, வரிசையின் சலிப்பின்மை என்று நான் பட்டியலிட்ட எல்லாமே வடம் ஓடுகிறது என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்பவை.

7 அக்டோபர் 2019

நான் ரோப் காரில் மாட்டிக்கொண்டதுண்டு. பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மலைத்தலத்தில். எந்த ஊர் என்பது வேண்டாம். நாற்பது நிமிடம் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. பத்தாவது நிமிடத்தில் எதிரே இருந்த பெரியவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெட்டி நின்றதும் காற்று நின்றது, காற்று நின்றதும் கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்தது. மலைக் குளிரிலேயே அப்படி.

அன்று எங்களை வாட்டியது வெப்பம் அல்ல, மௌனம். கீழே என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும், யாராவது வருகிறார்களா என்று சொல்ல ஒரு குரல் இல்லை. "இன்னும் அரை மணி ஆகும்" என்று ஒலிபெருக்கியில் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்திருப்போம். சொல்லாததால் நாற்பது நிமிடத்தில் நாற்பது முறை பயந்தோம்.

15 அக்டோபர் 2019

நேற்று மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. தயாரிப்பாளரோடு சேர்ந்து ஆராய்ந்து காரணத்தைப் புரிந்துகொண்டதாகவும், இயக்க முறைகளையும் பயிற்சியையும் சரிசெய்வதாகவும், பயணத்தின்போது உள்ளே இருப்பவர்களோடு பேசும் முறையை மேம்படுத்துவதாகவும் டிஸ்னி சொல்லியிருக்கிறது. கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் எழுதியிருப்பேன்.

28 டிசம்பர் 2019

போய்வந்தோம். அம்மா, கணவர், ஒன்பது வயது மகன், நான். பாப் செஞ்சுரி நிலையத்தில் ஏறினோம். கட்டணமோ சீட்டோ கிடையாது; வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். அம்மா கைத்தடி ஊன்றி நடப்பவர் என்பதால் அவருக்காக வடத்தையே மெதுவாக்கி ஏறவிட்டார்கள்.

கிளம்பியதும் ஏரி, அதைத் தாண்டி மரங்கள். எதிர்பாராதது அமைதி. மோட்டார் பெட்டியில் இல்லாததால் இரைச்சலே இல்லை. தூணைக் கடக்கும்போது மட்டும் கவ்வி உருளைகள் மேல் ஏறி இறங்கும் கடகடப்பு கேட்கிறது. முதல் தூணில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவர் மூன்றாவது தூணில் விட்டுவிட்டார். டிசம்பர் வெயில் ஒன்றும் செய்யவில்லை. காற்று நன்றாகவே வந்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பூங்காக்காரர்கள் வேலியும் மரமும் வைத்து மறைத்திருக்கும் எல்லாவற்றையும் இது காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கூரைமேல் குழாய்கள், பணியாளர் சாலைகள், வண்டி நிறுத்துமிடங்கள், கட்டடங்களின் முதுகுப்பக்கம். முன்பக்கம் அரண்மனை, பின்பக்கம் தகரக் கிடங்கு. மகனுக்கு அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. பூங்காவைவிட அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் அன்று முழுக்கக் கேள்வி கேட்டான்.

சில பெட்டிகளின் கண்ணாடியில் மிக்கி முதலான பாத்திரங்களின் படங்களை ஒட்டியிருக்கிறார்கள். நுண்துளைகள் கொண்ட தாள் என்பதால் உள்ளிருந்தும் வெளியே பார்க்கலாம், ஆனால் மங்கலாகத்தான். வெளியிலிருந்து பார்த்தால் பொம்மை, உள்ளிருந்து பார்த்தால் கொசுவலை. மகனுக்குப் படம் போட்ட பெட்டி வேண்டும், அம்மாவுக்கு வெறும் கண்ணாடி வேண்டும். எந்தப் பெட்டி வரும் என்பது நம் கையில் இல்லாததால் சண்டையை வடமே தீர்த்துவைத்தது.

எங்கள் முட்டாள்தனம் ஒன்று: எப்காட் போகும்போது, இம்மாதம் 16ஆம் தேதி திறந்த ரிவியராவில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டோம். கரீபியன் பீச்சில் மாறியதுபோல இங்கும் மாற வேண்டும் என்று நானே முடிவுசெய்து எல்லோரையும் இறக்கினேன். தேவையே இல்லை, அதே பெட்டி திசை திரும்பி எப்காட்டுக்குப் போகும். மறுபடி வரிசை. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

3 ஜனவரி 2020

திருத்தம். அம்மாவுக்காக வடத்தை மெதுவாக்கினார்கள் என்று எழுதியது தவறு. கணவர் எடுத்த காணொளியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஏறியது தனித் தடம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் ஏறச் சிரமப்படுகிறவர்களும் ஏறுவதற்காக ஒரு பெட்டியை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, தனி மேடைக்குக் கொண்டுவந்து முழுவதுமாக நிறுத்துகிறார்கள். ஏறியதும் ஓடும் வரிசையின் இடைவெளியில் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் மற்றவர்கள் யாரும் காத்திருக்க நேரவில்லை. எனக்கு இந்த மொத்த அமைப்பில் மிகவும் பிடித்துப்போன பகுதி இதுவே. ஒருவருக்காக எல்லோரையும் நிறுத்தினால் அந்த ஒருவருக்குத்தான் கூச்சம்.

20 ஜூலை 2020

கொரோனாவால் மார்ச்சில் மூடிய பூங்காக்களில் எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் 15ஆம் தேதி திறந்தன. கேள்வி கேட்டவரின் கோடைப் பயணம் நடக்கவில்லை; யாருடையதுதான் நடந்தது? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஒரே குழுவாக வந்தவர்களுக்கு ஒரு பெட்டி, நாலாபுறமும் காற்றோட்டம், பிறரோடு உரசல் இல்லை. சென்ற ஆண்டு குறையென்று எல்லோரும் சொன்ன காற்றுத் திறப்பு இந்த ஆண்டு சிறப்பாகிவிட்டது. மூடிய ஏசி பேருந்தில் ஏற இப்போது யார் துணிவார்கள்?

என் ஆள் கணக்கு மறுபடியும் செத்தது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். பெட்டிக்கு மூன்று, நான்கு பேர்.

14 ஆகஸ்ட் 2022

கேட்டவர் இந்த மாதம் அப்பாவோடு போகிறாராம், "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளையாகப் போன வாரம்தான் நாங்கள் இரண்டாம் முறை அங்கே இருந்தோம், சரியான ஆகஸ்ட் வெக்கையில்.

ஓடும்போது பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய கருத்து நிற்கிறது. முதுகில் வியர்வை இருக்கும், ஆனால் முகத்தில் காற்று இருக்கும். நிலையத்துக்குள் பெட்டி மெதுவாகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது: வேகம் குறையக் குறைய யாரோ மின்விசிறியை அணைத்ததுபோல வெப்பம் வந்து உட்காருகிறது. அரை நிமிடத்துக்கு அது ஒன்றுமில்லை. அரை மணிக்கு அது வேறு விஷயம்.

நான் 2019இல் யோசிக்காதது மின்னல். மத்திய ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல் என்றாலே இடியோடு கூடிய மழைதான். மின்னல் நெருங்கும் முன்பே புதியவர்களை ஏற்றுவதை நிறுத்தி, வடத்தில் இருப்பவர்களை இறக்கி முடித்துவிடுகிறார்கள். அது சரியான நடைமுறை. மின்னலடிக்கும்போது ஏணி வைத்து ஆளை இறக்க முடியாது. எங்களையும் ஒரு நாள் மூன்று மணிக்கு வரிசையிலிருந்து திருப்பியனுப்பினார்கள், பேருந்தில் போனோம். ஆக, வெயில் உச்சத்தில் இருக்கும் அதே பிற்பகல்தான் ஸ்கைலைனர் ஓடாமல்போக வாய்ப்பு அதிகமுள்ள நேரமும்.

எனவே அப்பாவுக்கு என் திட்டம்: காலையில் போகும்போது ஸ்கைலைனர், பாப் செஞ்சுரி அல்லது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் தடம், இரண்டும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எப்காட் தடம் நீளமானது, அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் பேருந்து. கையில் தண்ணீர். பேருந்து நிறுத்தம் எங்கே என்பதைத் தேவை வரும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி இல்லாவிட்டாலும் தனி மேடையில் ஏறலாமா என்று பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

27 ஆகஸ்ட் 2022

போய்வந்துவிட்டார்கள். நான் சொன்ன திட்டத்தை முதல் நாள் மட்டும் கடைப்பிடித்தார்களாம். இரண்டாம் நாள் மழையில்லாத மதியம் இரண்டு மணிக்கு, அப்பாவே கேட்டு, எப்காட் தடத்தில் முழுத் தூரமும் போயிருக்கிறார்கள். அவர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும்போது பேருந்தில் ஏறியதும்தான், "இவ்வளவு குளிரை யார் கேட்டது?" என்று துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாராம்.